குறுக்கே வராத நாய்

நாய் குறுக்கே வரவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

காவல்கிணறு தாண்டி, முப்பந்தல் வருவதற்குள், விடியாத நேரத்தில் என் குட்டியானை லோடு வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு பனையில் மோதி நின்றது. பக்கத்தில் இருந்த மதினிக்கு வலது முன்கை முறிந்தது. எனக்கு நெற்றியில் தையல். வந்து விசாரித்த போலீஸ்காரரிடமும், இன்சூரன்ஸ் ஆளிடமும், பார்க்க வந்த சொந்தபந்தத்திடமும், மாவுக்கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் இருந்த மதினியிடமும் நான் ஒரே வார்த்தையைத்தான் சொன்னேன்: “நாய் குறுக்க வந்துட்டு.” நாயும் வரவில்லை, ஆடும் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நான் உறங்கிப்போனேன்.

மறைத்ததற்கு வழக்கு பயம் ஒரு காரணம். வெட்கம் அதைவிடப் பெரிய காரணம். குடித்துவிட்டு ஓட்டினேன் என்று ஒப்புக்கொள்கிறவனைக்கூட எங்கள் பக்கம் “சரி விடு, இனிமே தொடாத” என்று தேற்றுவார்கள். உறங்கிட்டேன் என்றால் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தென்றால் இன்னும் கூடுதலாகச் சிரிப்பார்கள். ராதாபுரத்தில் உறங்காத மனுசன் என்று பேர் வாங்கி வைத்திருந்தவன் நான்.

அந்தப் பேரை எப்படி வாங்கினேன் என்று சொல்லவேண்டும். தாலுகா ஆபீஸ் பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மனுவும் எழுதிக் கொடுப்பேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் ஆபீஸுக்குள் போகும். ஆன்லைன் வேலைகளுக்கு சர்வர் பகலில் சுற்றிக்கொண்டே நிற்கும், ராத்திரிதான் ஒழுங்காக ஓடும். அதனால் கடை ஷட்டரை இறக்கிய பிறகும் உள்ளே வேலை நடக்கும். இது ஒரு பிழைப்பு. ஊருக்கு வெளியே அண்ணனும் நானும் சேர்ந்து போட்ட பிச்சி, மல்லித் தோட்டம் இன்னொரு பிழைப்பு. பிச்சியை அரும்பாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். விரிந்துவிட்டால் விலை இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, பாம்புக்குப் பயந்து காலைத் தட்டித் தட்டி வைத்துக்கொண்டு, பெண்கள் வரிசையாக இறங்குவார்கள். முதல் பறிப்பை மூட்டை கட்டி, வடக்கன்குளம், காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வழியாகத் தோவாளைச் சந்தைக்கு நான் கொண்டுபோவேன். ஓணத்துக்கும் முகூர்த்தத்துக்கும் கேரளத்து வியாபாரிகள் வந்து நிற்கும் சந்தை அது. முதல் வியாபாரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு விலை, வெளிச்சம் வந்தபின் போனால் வேறு விலை.

ஆக, படுக்கையில் சாய மணி பதினொன்று தாண்டும். எழுந்திரிக்க இரண்டு ஆகக்கூடாது. இந்த நடுவில் கிடைப்பதுதான் என் உறக்கம். இதைக் குறையாக நான் யாரிடமும் சொன்னதில்லை. பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். “மூணு மணி நேரம் ஒறங்குனா போதும்வே, மிச்சம் எல்லாம் சோம்பேறித்தனம்” என்பேன். கடைக்கு வரும் பையன்கள் யாராவது பத்து மணிக்கு எழுந்தேன் என்றால் கும்பகர்ணன் கதையை எடுத்துவிடுவேன். வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில், கெட்டுப்போக ஆசைப்படுகிறவர்கள் விரும்பி ஏறும் தோணிகளில் தூக்கத்தையும் ஒன்றாக வைத்திருப்பதைச் சொல்லிக் காட்டுவேன். ‘நாடோடி மன்னன்’ படத்தில் பட்டுக்கோட்டையார் தம்பிக்குச் சொன்ன புத்தியையும் விடமாட்டேன். நேரத்தை வீணாக்குகிறவனைத்தான் அவர்கள் இருவரும் திட்டினார்கள், ராத்திரி இரண்டு மணிக்குப் பூப்பறிக்கப் போகிறவனை இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தப் பெருமைக்கு என் அப்பாவைச் சாட்சிக்கு இழுப்பேன். பேச்சிப்பாறைத் தண்ணீர் நிலப்பாறையில் பிரிந்து ராதாபுரம் கால்வாயில் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கிற காலத்தில், ராத்திரி முறை வந்தால் அப்பா மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் காவல் கிடப்பார். கண்ணை மூடினால் மேல்மடைக்காரன் திருப்பிவிடுவான். “எங்கப்பா விடிய விடிய முழிச்சிருப்பாரு” என்று சொல்லித்தான் வளர்ந்தேன். ஆனால் மறுநாள் காலை பழையதைக் குடித்துவிட்டு அதே அப்பா திண்ணையில் துண்டை விரித்தால், மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திரிப்பார். அந்த நேரத்தில் நாங்கள் சத்தம் போட்டால் அம்மா விளக்குமாற்றை எடுப்பாள். அப்பாவின் விழிப்பை நான் எடுத்துக்கொண்டேன். திண்ணையை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆவணி மாதம், ஓணத்துக்கு முந்திய நாட்கள். விலை ஏறிக்கொண்டே போனதால் வழக்கத்தைவிட முன்னாலேயே பறிப்பில் இறங்கியிருந்தோம். முந்திய நாள் தாலுகா ஆபீஸில் கூட்டம், கடையில் நிற்க நேரமில்லை. வடக்கன்குளம் தாண்டும்போதே கண் எரிந்தது. கண்ணாடியை இறக்கினேன். ரேடியோவைக் கூட்டினேன். கன்னத்தில் ஒன்று போட்டுக்கொண்டேன். காவல்கிணற்றில் நிறுத்திக் கட்டன்சாயா குடித்தேன். நாலுவழிச் சாலையில் ஏறியபோது மதினி கதவில் தலையைச் சாய்த்து உறங்கிவிட்டார். அவருடைய தலை சிறு பள்ளத்துக்கெல்லாம் கண்ணாடியில் இடிப்பது கேட்டது. எதிரே காற்றாடிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள். அதில் ஒன்றைப் பார்த்தது நினைவிருக்கிறது. அதற்கு அடுத்த நினைவு, வாய்க்குள் ரத்தத்தின் ருசி.

நடுவில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடியதாகக்கூட நினைவில்லை. கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் உறங்கிவிட முடியும் என்று பிற்பாடு படித்தேன். குறுந்தூக்கம் என்கிறார்கள். அறுபதில் போகும் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். நாலு நொடி என்று வைத்துக்கொண்டால் அறுபத்தைந்து மீட்டருக்குக் குறையாமல் ஓட்டுநர் இல்லாத வண்டியாகப் போயிருக்கிறது. சின்ன எண் என்ன செய்யும் என்று எங்கள் தொகுதிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் இங்கே வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. அதற்கு 2019-ல் மறு எண்ணிக்கை, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வருசக்கணக்காக நடந்தது. என்னுடைய நாலு நொடிக்கு மறு எண்ணிக்கை கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பிச்சி மூட்டை இரண்டு கிழிந்து ரோட்டோரம் கொட்டியிருந்தது. ரேடியேட்டர் தண்ணீர் அதன்மேல் ஓடி, வெந்த பூவின் வாசம் எழுந்தது. பிச்சிப்பூவை வேகவைத்தால் அப்படி ஒரு வாசம் வரும் என்று எனக்கு முன்னால் தெரியாது, தெரியாமலே இருந்திருக்கலாம். மதினி கையைப் பிடித்துக்கொண்டு, “என்னாச்சு, என்னாச்சு” என்றார். வாயில் வந்தது நாய். யோசித்துச் சொன்னதில்லை. தயாராக நின்றதுபோல் தானாக வந்தது. போலீஸ்காரர் ஊதச் சொன்னார். ஊதினேன். சுத்தம். அவர் முகம் இளகியது. “பாத்துப் போப்பா, நாய்த் தொல்லை கூடிப்போச்சு” என்றார். குடிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்த இடத்தில் நான் நல்லவனாகிவிட்டேன்.

நான் நல்லவனா என்று பிறகு ஒரு கணக்கைப் பார்த்தேன். நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் குற்றம். 1997-ல் ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கிறவனின் கையும் கண்ணும் ஒத்துப்போகிற திறம், ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் உள்ளவனின் திறத்துக்கு இறங்கிவிடுகிறது. முழுநாள் விழித்தால் 100 மில்லிகிராம். காலை ஆறு மணிக்கு எழுந்து ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஓட்டுகிற எந்த யோக்கியனும் நம் சட்டம் போட்ட கோட்டைத் தாண்டியவன்தான், ஊதினால் காட்டாது என்பதைத் தவிர.

அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. 2003-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கஸ் முதலானவர்கள் ஆட்களைப் பிரித்துப் பதினான்கு நாள் படுக்க வைத்தார்கள். ஒரு கூட்டத்துக்குத் தினம் எட்டு மணி நேரம், இன்னொன்றுக்கு ஆறு, இன்னொன்றுக்கு நாலு. ஆறு மணி நேரக்காரர்கள்கூட இரண்டு வாரத்தில் ஒரு ராத்திரி முழுக்க உறங்காதவனின் நிலைக்கு இறங்கிவிட்டார்கள். நாலு மணி நேரக்காரர்கள் அதற்கும் கீழே. ஆனால் தூக்கம் வருகிறதா என்று கேட்டால், முதல் சில நாளுக்குப் பிறகு ‘கொஞ்சம்தான், பழகிவிட்டது’ என்கிற மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். திறம் தினமும் சரிந்தது. சரிவது அவர்களுக்குத் தெரியவில்லை.

“மூணு மணி நேரம் போதும்வே” என்ற என் பேச்சு அங்கே அப்படியே இருக்கிறது. பழகிவிட்டது என்று நான் நினைத்தது பழக்கம் இல்லை. குறையை அளக்கும் கருவியே முதலில் பழுதாகிவிட்டிருக்கிறது. குடித்தவனுக்காவது தான் குடித்தது தெரியும்.

டீ விசயமும் அப்படித்தான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறதாம். கண்ணைச் சொக்க வைப்பதில் பெரும்பங்கு அதற்கு. உறங்கினால்தான் குறையும். டீ, காபியில் உள்ள காஃபின், அடினோசின் போய் ஒட்டவேண்டிய இடங்களில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது, அப்பா வீட்டில் இல்லை என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்வோமே, அதுதான் கட்டன்சாயா. கடன் தீராது. ரேடியோ, ஈரத்துண்டு, மிளகாய்க் கடி, பாட்டு எல்லாமே அந்தப் பிள்ளையின் தம்பி தங்கைகள். ஓரங்கட்டி நிறுத்தி, டீயைக் குடித்துவிட்டு, அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் இருபது நிமிசம் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடுவதுதான் உண்மையில் கொஞ்சமாவது உதவும். அதுவும் வீடுபோய்ச் சேர மட்டும்தான். அந்த இருபது நிமிசம் காவல்கிணற்றில் எனக்கு இருந்தது. முதல் வியாபாரம் போய்விடுமே என்று நிற்கவில்லை.

இனி, இந்த விபத்தைவிட அசிங்கமான பகுதி. இன்சூரன்ஸ் பாரத்தை நானே நிரப்பினேன். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிற கை. ‘மேற்படி நான் மிதமான வேகத்தில் சாலையின் இடதுபுறமாக வந்துகொண்டிருந்தபோது, எதிர்பாராத விதமாக நாய் ஒன்று குறுக்கே பாய்ந்ததால், உயிர்ச்சேதத்தைத் தவிர்க்கும் பொருட்டு வாகனத்தை இடதுபுறம் திருப்ப நேர்ந்தது.’ எவ்வளவு லட்சணமான வாக்கியம் பாருங்கள். உயிர்ச்சேதத்தைத் தவிர்க்கும் பொருட்டாம்! இல்லாத நாய்க்கு உயிர்ப்பிச்சை கொடுத்தவனாக நான் அதில் நிற்கிறேன். பணம் வந்தது, வாங்கினேன்.

அதன்பிறகு என் மேஜைக்கு விபத்து மனுக்கள் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு புது நோய் பிடித்தது. பைக்கிலிருந்து விழுந்தவன், லோடு ஆட்டோவைக் கவிழ்த்தவன், சொந்தக் காரைப் பாலத்தில் உரசியவன் என்று யாராவது வந்து உட்காருவார்கள். “எப்படிய்யா நடந்தது?” என்றால், நாய். இல்லாவிட்டால் ஆடு. எங்கள் பக்கம் மயிலும் உண்டு. மயில் நிஜமாகவே குறுக்கே பறந்து விழுகிற சாதி, அதனால் மயிலைச் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நான் மட்டும் இன்னொன்று கேட்கத் தொடங்கினேன். “எத்தன மணிக்கு?” விடியற்காலம் மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவில் என்பார்கள். அல்லது கல்யாணச் சாப்பாடு முடிந்து மத்தியானம் இரண்டு இரண்டரைக்கு. விடியற்காலம் மயில் மரத்தில் அடைந்திருக்குமே ஐயா என்று கேட்க வாய்வரை வரும். கேட்டதில்லை. எழுதிக் கொடுத்துக் கூலியும் வாங்கினேன். கணக்கெடுத்துப் பட்டியல் போட்டவன் இல்லை நான். ஆனாலும் மணியைக் கேட்டதும் எதிரே இருப்பவரின் பார்வை மேஜைக்கு இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் சாலைகளில் நாய்மேல் எழுதப்பட்ட பழியில் பாதிக்காவது நாய் பொறுப்பில்லை என்பது என் தனிப்பட்ட முடிவு.

அவர்கள் சொல்கிற அந்த மணிகளுக்கு ஒரு காரணம் உண்டு. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. பழ ஈக்களை வைத்து அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரப்படி உடம்புச் சூடு இறங்கி, கவனம் அடிமட்டத்துக்குப் போவது விடியலுக்கு முந்திய அந்த நேரத்தில்தான். மத்தியானம் ஒரு சின்ன இறக்கம். எவ்வளவு மன உறுதி உள்ளவனுக்கும் இது விலக்கில்லை.

2011, 2012-ல் இடிந்தகரைப் பந்தலில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராகப் போராட்டம் நடந்தபோது நானும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். செர்நோபில், போபால் என்று பேசுவார்கள். கேட்டுக் கேட்டு எங்களுக்கெல்லாம் அந்தப் பேர்கள் மனப்பாடம். மணியை நான் கவனித்ததில்லை. விபத்துக்குப் பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். திரிமைல் தீவு, 1979 மார்ச் 28, அதிகாலை நாலு மணி. போபால், 1984 டிசம்பர் 2 முடிந்து 3 பிறக்கும் நள்ளிரவு. செர்நோபில், 1986 ஏப்ரல் 26, இரவு 1:23. உறக்கம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இயந்திரக் கோளாறு, வடிவமைப்புப் பிழை, நிர்வாகத்தின் கஞ்சத்தனம் என்று ஒவ்வொன்றுக்கும் கனத்த காரணங்கள் உண்டு. ஆனால் கோளாறு பகல் பதினொரு மணிக்கு வருவதற்கும் இந்த மணிக்கு வருவதற்கும் எதிரே உட்கார்ந்திருக்கிற மனுசனில் வித்தியாசம் இருக்கிறது. இப்போது கூடங்குளத்தில் ஷிப்ட் முடித்து ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களின் கண்ணை நான் முதலில் பார்க்கிறேன். ராத்திரி ஷிப்ட் வேலையை, உடம்புக் கடிகாரத்தைக் குலைப்பதற்காகவே, புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்ற பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் சேர்த்திருக்கிறது. சம்பளத்தோடு அந்தப் படி மட்டும் சேர்ந்து வருவதில்லை.

மனு எழுதுகிறவன் என்பதால் சட்டத்தையும் தேடினேன். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், டிரைவருக்கு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்று வரம்பு வைத்தது. ஒருநாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் தொடர்ந்து ஒன்பது மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றது. அறுபது வருசத்துக்கு முன்னாலேயே எவனோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். ஆனால் அஞ்சு பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் இடங்களுக்குத்தான் அது பொருந்தியது. என் குட்டியானைக்கு நானே முதலாளி, நானே டிரைவர். என்னிடமிருந்து என்னைக் காப்பாற்ற எந்தச் சட்டத்துக்கும் அதிகாரம் இல்லை.

இன்னொன்றைப் படித்தபோது எழுந்து நின்றேவிட்டேன். 2011 ஜூனில் டில்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் நள்ளிரவில் போலீஸ் பாய்ந்த வழக்கில், 2012 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: உறக்கம் 21-வது பிரிவின் கீழ் வரும் அடிப்படை உரிமை. அந்த 21-வது பிரிவை நான் பாதைத் தகராறு மனுவில்கூடச் செருகியிருக்கிறேன். இந்த அர்த்தத்தில் ஒரு தடவைகூட எழுதியதில்லை. எங்கள் ஊர் வரகுணபாண்டீஸ்வரர் கோயிலில் அர்த்தசாமம் முடிந்தால் சாமியைப் பள்ளியறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள். தாமிரபரணிக் கரைக்குப் போனால் திருக்கோளூரில் பெருமாள் மரக்காலைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தே இருக்கிறார், நிதிக்குக் கணக்குப் பார்க்கிறவர் அவர். சாமிக்குக் கொடுத்ததை நாம் ஏன் மனுசனுக்குச் சோம்பேறித்தனம் ஆக்கினோமோ!

நாம் என்று சொல்லித் தப்பிக்கக்கூடாது. நான்தான் ஆக்கினேன், என் வீட்டுக்குள்ளேயே. மகள் பத்தாம் வகுப்பு படித்தபோது, விடியக்காலம் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்று நாலு மணிக்கு எழுப்பச் சொல்லி மனைவிக்கு உத்தரவு போட்டவன் நான். ராத்திரி பதினொன்று வரை வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை அது. வகுப்பில் உறங்குகிறாள் என்று ஸ்கூலிலிருந்து போன் வந்தது. அன்று சாயந்திரம் அவளை நிற்கவைத்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. பதின்வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும், படித்தது மண்டையில் தங்குவதே அந்த உறக்கத்தில்தான் என்று எந்த டாக்டரும் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

அடுத்தது மதினி. அவரையும் அவரோடு பறிக்க வரும் பெண்களையும் எழுப்ப ஒன்றரை மணிக்கு மிஸ்டு கால் கொடுப்பது என் வேலை. அவர்கள் வீட்டில் கடைசியாகப் படுப்பதும் அவர்கள்தான் என்பதை நான் யோசித்ததே இல்லை. ராத்திரி பாத்திரம் கழுவி, மறுநாள் சோற்றுக்கு அரிசி களைந்து வைத்துவிட்டு, சில வீடுகளில் பீடிக்கட்டு ஒன்றையும் முடித்துவிட்டுத்தான் சாய்வார்கள். என்னுடைய மூணு மணி நேரத்தை ஊரே புகழ்ந்தது. மதினி உறங்கியது அதைவிடக் குறைவு, அதை யாரும் எண்ணவில்லை. அன்று வண்டியில் அவர் உறங்கியதால்தான் என் நாய்க்கு மறுசாட்சி இல்லாமல் போனது.

அந்த நாயை மதினி வளர்த்தார். பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி, அது செவலை நாய் ஆனது, வால் நுனி மட்டும் வெள்ளை ஆனது. “நான் கண்ணால பாத்தேன்லா” என்பார். கை கூடி, பழையபடி பறிப்புக்கு வரத் தொடங்கிய பிறகு, ஒருநாள் வரப்பில் வைத்துச் சொன்னேன்.

“மதினி, அன்னைக்கு நாய் வரல. நான் ஒறங்கிட்டேன்.”

பறித்த பூவை மடியிலிருந்து கூடைக்குத் தட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார். திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

“இத ஏம்ப்பா இப்ப வந்து சொல்லுத? நான் ஊரெல்லாம் செவல நாயின்னு சொல்லிட்டேன். இனி எந்த மூஞ்சிய வச்சிட்டு மாத்திச் சொல்ல?” என்றார். கொஞ்சம் கழித்து, “ஒங்கண்ணன்கிட்ட சொல்லிராத. கொன்னுருவாரு” என்று சேர்த்துக்கொண்டார். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் கொல்லவில்லை. ரொம்ப நாள் பேசவில்லை. கோபம் விபத்துக்கு இல்லை, இவ்வளவு நாள் பொய்யை நம்பவைத்ததற்கு என்றார். இன்சூரன்ஸ் விசயத்தில் நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. இந்த வாக்குமூலத்தில் ஓட்டை இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது இந்த இடம்தான். மறுக்கமாட்டேன்.

இப்போது தோவாளைக்கு நான் ஓட்டுவதில்லை. நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டி பேசியிருக்கிறோம். பகல் முழுக்க உறங்கிவிட்டு ராத்திரி வேலைக்கு வருகிற பையன் ஒருவன் ஓட்டுகிறான். மூட்டைக்கு இவ்வளவு என்று வாடகை. கடையை எட்டு மணிக்கு அடைக்கிறேன். பத்து மணிக்குப் படுக்கிறேன். தொடக்கத்தில் உறக்கம் வராமல் புரண்டேன், பிறகு பிடித்துக்கொண்டது. பெருமை போய்விட்டதில் கொஞ்சம் வருத்தம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யாராவது “அண்ணாச்சி, நீங்கதான் ஒறங்கவே மாட்டியளே” என்றால் இப்போதும் மறுத்துச் சொல்ல நாக்கு கொஞ்சம் தயங்கும். கடந்த ஓணத்துக்கு முந்திய வாரம் மறுபடி கணக்கும் கூடையுமாக விடிய விடிய முழித்துத்தான் கிடந்தேன். வண்டி ஓட்டவில்லை, அது மட்டும்தான் வித்தியாசம்.

காசு கொடுத்து என் உறக்கத்தை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன். மதினிக்கும் மற்றவர்களுக்கும் அந்த வசதி இல்லை. ஒன்றரை மணி மிஸ்டு காலை நிறுத்திவிட்டு, மூணரைக்கு மேல் வந்தால் போதும் என்றேன். பெரிய தருமம் செய்த மிதப்பில்தான் சொன்னேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, நாலைந்து பேராகக் கடைக்கே வந்துவிட்டார்கள். கூலி கிலோ கணக்கு. நேரம் குறைந்தால் எடை குறையும், எடை குறைந்தால் கூலி குறையும். இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். மதினிதான் பேசினார்.

“ஒறங்கச் சொல்லுத, சரி. அந்த ரெண்டு மணி நேரத்துக்கு யாரு துட்டு தருவா?”

நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கிலோவுக்கு எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை. அவர்கள் கேட்பது கூடுதல் என்று அண்ணன் சொல்கிறார்.